வரம்பு எலிக்கு இரண்டு விடை

கேள்வி: எங்கள் வயல் வரம்பில் பொறிவைத்துப் பிடித்த எலிகளைத்தான் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்தேன். ஓர் எலியின் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டீஎன்ஏயை ஜென்பாங்க் என்ற மரபணுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் ஓர் இனம் வருகிறது, கலத்தின் கருவில் உள்ள ஆர்ஏஜி1 மரபணுவை ஒப்பிட்டால் வேறொன்று. எதை நம்புவது?
– பல்கலைக்கழக மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்பவேண்டாம். முதலில் மாதிரிக் குழாய்கள் மாறிப்போயினவா என்று பாருங்கள். அதே எலியின் இழையத்தில் இன்னொரு துண்டு எடுத்து மறுபடி செய்வது அலுப்புத்தான், செய்யத்தான் வேண்டும்.

அப்புறம், உங்களிடம் இருப்பது உண்மையிலேயே இழைமணி வரிசைதானா? இழைமணி டீஎன்ஏயின் துண்டுகள் எப்போதோ கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு வேலையில்லாமல் கிடக்கின்றன, எலிகளிலும் இது உண்டு, டீஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் முறை சிலவேளை அந்தப் பிரதியைப் பெருக்கித் தந்துவிடும். நீங்கள் எடுத்தது சைட்டோகுரோம் பி என்ற இழைமணி மரபணு என்றால் சுமார் 1,140 டீஎன்ஏ எழுத்து. அதை அமினோ அமிலங்களாக மாற்றும்போது நடுவில் நிறுத்தக் கோடோன் (புரதம் இங்கே முடிகிறது என்னும் மூன்றெழுத்துக் குறி) வந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் மென்பொருளில் முள்ளந்தண்டுளிகளின் இழைமணிக்கான கோடோன் அட்டவணையைத் தெரிவுசெய்தீர்களா? டிஜிஏ என்பது கரு மரபணுவில் நிறுத்தம், இழைமணியில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம். இதைக் கவனிக்காவிட்டால் நல்ல வரிசையைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சங்கதி சூடுபிடிக்கிறது. இழைமணி டீஎன்ஏ தாயிடமிருந்து வருவது. நம் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து நிற்பதுபோல எலிக்கு அம்மாவின் எழுத்து நிற்கிறது என்று வையுங்கள். எப்போதோ வேற்றினப் பெட்டை ஒன்று கலந்து, அதன் பெண்குட்டிகள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து ஆண்களோடே சேர்ந்து கரு கிட்டத்தட்ட முழுக்க மாறிப்போனாலும், அந்த எழுத்து மட்டும் அழியாது. ஸ்கண்டிநேவிய வீட்டுச் சுண்டெலிகளில் இப்படித்தான் கண்டார்கள், 1983இல்: கரு கிழக்கு ஐரோப்பிய வகை, இழைமணி மேற்கு ஐரோப்பிய வகை. கலப்பே இல்லாமல், பொது மூதாதையிடம் இருந்த பழைய வேறுபாடு தப்பி நின்றாலும் இதே முரண் வரலாம்.

இழைமணியில் 37 மரபணுக்கள் இருக்கின்றனவே, எல்லாவற்றையும் படித்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். தீராது, அவை ஒரே வளையமாகக் கடத்தப்படுவதால் 37உம் சேர்ந்து சொன்னாலும் ஒரே தாய்வழியின் கதைதான். ஐஆர்பிபி மாதிரி இன்னும் சில கரு மரபணுக்களைச் சேர்த்துப் பாருங்கள். வித்தியாச வீதங்களை மட்டும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடாதீர்கள். எலிகளில் இழைமணி பல மடங்கு வேகமாக மாறுகிறது, சைட்டோகுரோம் பியில் 3 வீத வித்தியாசம் சாதாரணம், ஆர்ஏஜி1இல் 3 வீதம் என்றால் பெரிய தூரம்.

கேள்வி: அகிழானின் டீஎன்ஏயைப் பார்த்து அதில் எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லலாமா?
– விவசாயி, விசுவமடு

பதில்: எலியின் டீஎன்ஏ அதைச் சொல்லாது. காய்ச்சலைத் தருவது லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா, அதற்கு அதன் சொந்த டீஎன்ஏ. எலியின் சிறுநீரகத்தில் அதைத் தேடுவார்கள். நீங்கள் வயலில் இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் எலியைத் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வயலில் வேலைசெய்ததையும் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.