முதலில் துளை, பிறகு சுவர்: கணினிப் பெட்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதி, "எந்த பிராசசர் வாங்கலாம்?" ரகம். அவற்றை ஒதுக்கிவிட்டேன். பெட்டியையே சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களின் கேள்விகள் மட்டும் இங்கே.

மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டு, எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய பவர் சப்ளை, இரண்டு ஸ்லாட் (செருகிடம்) பிடிக்கும் கிராஃபிக்ஸ் கார்டு கையில் இருக்கின்றன. டிவி மேசைக்குள் நுழையும்படி 30 செ.மீ. அகலத்தில் பெட்டி வேண்டும். வரைபடத்தை எங்கே தொடங்குவது? (பொங்கோல் வாசகர்)

முதலில் அந்த 30 செ.மீ.யை அழியுங்கள். எல்லாரும் வெளிப்பெட்டியை வரைந்துவிட்டு உள்ளே பாகங்களைத் திணிக்கப் பார்க்கிறார்கள். பெட்டியின் சுவர் 5 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. பின்பக்கத் துளை ஒரு மி.மீ. தவறினால் கார்டு உட்காராது. ஆகவே பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

மன்னிக்காத அளவுகள் மூன்று. ஒன்று, யுஎஸ்பி முதலான இணைப்புகள் வெளியே தெரியும் அந்தச் செவ்வகம்: 158.75 × 44.45 மி.மீ. இரண்டு, கார்டு ஸ்லாட்டுகளுக்கு இடையிலான தூரம்: 20.32 மி.மீ. மூன்று, போர்டின் திருகுத் துளைகள். இந்த எண்கள் விநோதமாக இருப்பதற்குக் காரணம், மூலக்கணக்கு அங்குலத்தில் இருப்பதுதான். 6.25, 1.75, 0.8 அங்குலங்கள். "20.32 எதற்கு, 20 போதுமே" என்று வரைந்தால் இரண்டு ஸ்லாட்டில் எப்படியோ தப்பிக்கலாம். பெரிய ஏடிஎக்ஸ் போர்டில் ஏழாவது ஸ்லாட்டுக்குப் போகும்போது கிட்டத்தட்ட 2 மி.மீ. தள்ளிப் போயிருக்கும்.

மினி-ஐடிஎக்ஸ் போர்டு 170 × 170 மி.மீ. சதுரம். ஆனால் அதன் நான்கு துளைகள் செவ்வகம் ஆகாது. ஒன்று மட்டும் 22.86 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கும். நான்கு மூலையிலும் துளை போட்டுவிட்டு எனக்குப் படம் அனுப்பியவர்கள் இதுவரை மூன்று பேர். போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்-ஆஃப் சுமார் 6.5 மி.மீ. உயரம். அதன் மரை பெரும்பாலும் 6-32 என்ற அங்குல வகை. பார்வைக்கு எம்3 என்ற மி.மீ. வகை போலவே இருக்கும். எம்3 திருகைப் போட்டால் தொளதொளவென்று ஆடும், 6-32 திருகை எம்3 துளையில் போட்டால் இரண்டு சுற்றில் சிக்கிக்கொள்ளும். இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது வயர். எந்த வரைபடத்திலும் வயர் இருப்பதில்லை, பெட்டியில் மட்டும் இருக்கிறது! எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையின் உடல் 125 × 63.5 × 100 மி.மீ.தான், ஆனால் வயர் வெளிவரும் பக்கம் இன்னும் நான்கு செ.மீ. விடுங்கள். உங்கள் கார்டில் புதிய 16 ஊசி மின் இணைப்பு இருந்தால், பிளக்கிலிருந்து 35 மி.மீ. வரை வயரை வளைக்கக் கூடாது. அதையும் கார்டின் அகலத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். திருப்புளி நுழையுமா, அதைப் பிடித்த கை நுழையுமா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இதையெல்லாம் திரையில் கற்பனை செய்யாதீர்கள். புளோக்கின் கீழே மினிமார்ட்டில் அட்டைப்பெட்டி சும்மா கிடக்கும். இரண்டைக் கேட்டு வாங்கி, வெட்டி, பசைத் துப்பாக்கியால் ஒட்டி, பாகங்களை வயரோடு உள்ளே வைத்துப் பாருங்கள். மூன்றாவது அட்டைப்பெட்டிதான் சரியாக வரும். அதற்குப் பிறகு அளந்து பாருங்கள், 30 செ.மீ.யா 34 செ.மீ.யா என்று பெட்டியே சொல்லும். டிவி மேசைக்குக் கதவு இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். சூடான காற்று போக வழி வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அலுமினியத் தகடு வெட்டலாமா? அண்டைவீட்டார் புகார் செய்வார்களா? (ஈசூன் வாசகர்)

நானாக இருந்தாலும் புகார் செய்வேன். வீட்டுப் புதுப்பிப்புக்கு வீவக வைத்திருக்கும் விதிப்படி, பெருத்த சத்தம் வரும் வேலையை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் கூடாது. உங்கள் வேலை சின்னதுதான், ஆனால் சத்தத்துக்கு அது தெரியாது. 2 மி.மீ. தகட்டில் ஜிக்சா ஓடினால் மூன்று மாடி கேட்கும். புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகும் யோசனையையும் விடுங்கள், அலுமினியத் தூள் குழந்தைகள் காலில் குத்தும்.

வெட்டுவதைக் கடையில் கொடுங்கள். ஊபி, காக்கி புக்கிட், சுங்கை காடுட் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் லேசரில் வெட்டித் தருபவர்கள் கிடைப்பார்கள். ஒற்றைத் தகட்டுக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள், பொறுமையாகக் கேளுங்கள். மரை போடுவது, அரம் தேய்ப்பது, பூட்டுவது எல்லாம் வீட்டில் செய்யலாம். வளைக்கப் போகிறீர்கள் என்றால் 5052 ரக அலுமினியம் கேளுங்கள். 6061 உறுதியானது, ஆனால் கூர்மையாக வளைத்தால் விரிசல் விடும். வளைவில் எத்தனை மி.மீ. கழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய இயந்திரத்தைப் பொறுத்தது. அவர்களைக் கேட்ட பிறகே வரைபடத்தை முடியுங்கள்.

இங்கே என் கதை ஒன்று. முதல் பெட்டிக்குப் பின்தகட்டை உள்ளிருந்து பார்த்தபடி வரைந்து, வெளியிலிருந்து பார்த்ததாக நினைத்துக் கோப்பை அனுப்பினேன். வளைத்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று வந்தது. போர்டை வைத்தால் எல்லாத் துளையும் இடம் வலமாக மாறியிருக்கிறது! கிட்டத்தட்ட 90 வெள்ளி போயிற்று. கடைக்காரர்மேல் குற்றமில்லை, நான் கொடுத்ததைத்தான் வெட்டினார். அந்தத் தகடு இன்னும் என் மேசையில் காப்பி வைக்கப் பயன்படுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தகட்டையும் உண்மை அளவில் அச்சடித்து, கத்தரித்து, போர்டின்மேல் வைத்துப் பார்க்காமல் அனுப்புவதில்லை. அச்சடிக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் சற்றே சுருங்கி, உங்களுக்கு வேறொரு கதை கிடைக்கும்.

தாத்தாவின் வால்வு வானொலி வேலை செய்யவில்லை. அதன் மரப்பெட்டிக்குள் கணினியை வைக்க ஆசை. மரம் சூட்டைத் தாங்குமா? (தோ பாயோ வாசகர்)

இந்தக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வால்வு வானொலியே சூடு கக்கும் பொருள்தானே. அதன் பின்பலகையில் வரிசையாகத் துளைகள் இருப்பதைப் பாருங்கள். மரம் சூட்டைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் கணினியின் சூடு பெட்டியின் சுவர் வழியாகப் போவதில்லை, காற்றோடு போகிறது. காற்று போனால் மரம் ஒரு பொருட்டே இல்லை.

பெட்டியில் ஒரு துளைகூடப் போடாதீர்கள் என்பது என் கெஞ்சல். அலுமினியத்தில் ஒரு தட்டு செய்து, போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் அதில் பூட்டி, பின்பக்கமாக இழுப்பறை போல உள்ளே தள்ளுங்கள். நாளைக்கு உங்கள் மகளுக்கு அது மறுபடி வானொலியாக வேண்டும் என்று தோன்றலாம். ஸ்பீக்கர் துணி வழியே காற்று அதிகம் வராது, அடிப்பலகைக்குக் கால் வைத்து உயர்த்தி அங்கிருந்து காற்றை இழுங்கள்.

மரம் மின்சாரம் கடத்தாது என்பதால் எர்த் விஷயத்தில் கவனம் வேண்டும். போர்டுக்கு பவர் சப்ளை வழியாகவே எர்த் கிடைத்துவிடும். கைபடும் மற்ற உலோகப் பாகங்கள் ஒவ்வொன்றையும் பவர் சப்ளையின் உடலோடு வயரால் இணையுங்கள். பெயிண்ட்டும் அனோடைஸ் பூச்சும் மின்சாரத்தைக் கடத்தாது. திருகு உட்காரும் இடத்தில் உப்புத்தாளால் சுரண்டிவிடுங்கள்.

வானொலியின் பழைய குமிழையே பவர் பட்டனாக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கணினி கேட்பது ஒரு நொடி அமுக்கி விடும் பட்டன். திருப்பினால் அப்படியே நின்றுவிடும் குமிழைக் கொடுத்தால், பட்டனை விடாமல் அமுக்குவதாக நினைத்துக்கொண்டு சில நொடிகளில் அது தன்னையே அணைத்துக்கொள்ளும். குமிழின் பின்னால் ஒரு சின்ன அமுக்குப் பட்டனை வைத்து, குமிழைத் தள்ளினால் வேலை செய்யும்படி அமையுங்கள். அந்தப் பட்டனின் இரண்டு வயரில் எது எந்த ஊசிக்குப் போனாலும் சரிதான். பவர் விளக்கின் வயருக்கு மட்டும்தான் நேர், எதிர் பார்க்க வேண்டும்.

ஒரு போனஸ்: வைஃபை மரத்தைத் தாண்டும். உலோகப் பெட்டிக்காரர்கள்தான் ஆன்டெனாவை வெளியே நீட்ட வேண்டும்.

முன்பக்கம் 5 மி.மீ. துளைகள் போட்டால் காற்று போதுமா?

மையத்துக்கு மையம் 7 மி.மீ. இடைவெளியில் நேர்வரிசையாகப் போட்டால் திறந்த பரப்பு 40 விழுக்காடுதான். தேன்கூடு போல மாற்றி மாற்றிப் போட்டால் 46. பார்வைக்கு நிறையத் துளை தெரியும், காற்றுக்குத் தெரியாது. காற்றாடி அளவுக்கு ஒரே பெரிய வட்டம் வெட்டிக் கம்பி வலை போடுங்கள். திருகுத் துளைகளின் இடைவெளி 120 மி.மீ. காற்றாடிக்கு 105, 140 மி.மீ. காற்றாடிக்கு 124.5.

பெட்டியின் பாகங்களை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாணமாக அச்சிடலாமா?

பட்டனுக்கு, கால்களுக்கு, சரி. கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்கும் பாகத்துக்கு வேண்டாம். 60 டிகிரி அளவில் பிஎல்ஏ இளகத் தொடங்கும், கார்டு மெல்லத் தொங்கும். பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக் பாருங்கள்.

அக்ரிலிக் பக்கப்பலகையில் ஓரமெல்லாம் மயிரிழை விரிசல். தரமில்லாத சரக்கா? (பிடோக் வாசகர்)

எதால் துடைத்தீர்கள்? ஆல்கஹால் என்றால் அதுதான் காரணம். லேசரில் வெட்டிய ஓரத்தில் இறுக்கம் தங்கியிருக்கும், ஆல்கஹால் பட்டதும் அது விரிசலாக வெளிவரும். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். திருகுத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு நைலான் வாஷர் வையுங்கள். இன்னொன்று, 5 மி.மீ. என்று விற்கும் பலகை 4.6 ஆகவும் இருக்கும். காடி வெட்டும் முன் வெர்னியரால் அளந்துவிடுங்கள்.

இரவெல்லாம் ஏர்கானில் இருக்கும் பெட்டி. காலையில் சன்னலைத் திறந்தால் உள்ளே ஈரம் கோக்குமா?

பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதே கதைதான். நம் ஊர்க் காற்றில் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பொருள்மேல் பெரும்பாலும் ஈரம் படியும். ஓடிக்கொண்டிருக்கும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதற்குக் கவலையில்லை. அணைத்து வைத்திருந்தால் சன்னலைத் திறந்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள்.

இடம் மிச்சப்படுத்த பவர் சப்ளையின் தகட்டுக் கூட்டைக் கழற்றிவிடலாமா?

கூடாது. உள்ளே 230 வோல்ட் மின்சாரமும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் தேக்கும் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. பெட்டியைப் பெரிதாக்குங்கள்.

கடையில் வாங்குவதைவிட மலிவாக வருமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

வராது. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு நல்ல பெட்டிக்குக் கொடுக்கும் காசு, உங்களுக்குத் தகடு வெட்டவும் வளைக்கவும் மட்டுமே போய்விடும். அதற்கு மேல் திருகு, பெயிண்ட், தவறாக வெட்டிய முதல் தகடு. மனைவியிடம் காசு மிச்சமாகும் என்று சொல்லி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள், இரண்டாவது தகட்டின் ரசீது வருவதற்கு முன்னால்.