ஈரச் சாக்கு தளத்துக்கு மட்டும்தானா?

கேள்வி: செங்கல்பட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி நான். என்னிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். ஐந்து பேர் பீகார் பையன்கள், நான்கு பேர் சித்தாள்கள். போன கத்திரி வெயிலில் தளத்துக்குக் கம்பி கட்டும்போது 22 வயதுப் பையன் ஒருவன், வேலைக்கு வந்த மூன்றாவது நாள், உளற ஆரம்பித்து வலிப்பு வந்து விழுந்தான். வாயில் சோடா ஊற்றினோம், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தோம், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். முந்தின ராத்திரி குடித்திருப்பான் என்றார்கள். 50 வயதுக்காரர்கள் அதே வெயிலில் நிற்கும்போது அவன் மட்டும் ஏன் விழுந்தான்? தினமும் ஒரு கேன் தண்ணீர் வைக்கிறேன், மோரும் வாங்கிக் கொடுக்கிறேன். இந்த வருஷமும் ஒரு வீடு நடக்கிறது. ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்காரர் நெருக்குகிறார். அந்தப் பையனும் திரும்ப வரட்டுமா என்று போனில் கேட்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: மேஸ்திரி, அவன் குடித்தானா என்ற ஆராய்ச்சியை முதலில் விட்டுவிடுங்கள். குடித்திருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கும், ஆபத்து கூடியிருக்கும், சரி. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய 'மூன்றாவது நாள்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேலையிடத்தில் வெயிலால் செத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் நாளிலேயே செத்தார்கள், 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் முதல் வாரத்துக்குள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை சொல்கிறது. வாலிபம் இங்கே பெரிய காவல் இல்லை.

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், நிறைய வியர்க்கும், அந்த வியர்வையில் உப்பு குறைவாகப் போகும். ரத்தத்தில் நீரின் அளவு கூடும். இதயம் அடித்துக்கொள்வது குறையும். உங்கள் 50 வயதுக் கொத்தனாருக்கு மாசி, பங்குனியிலேயே இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். இன்னொன்றும் அவருக்கு உண்டு: எப்போது உட்கார வேண்டும் என்று தெரியும், உட்கார்ந்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள் என்றும் தெரியும். புதுப் பையனுக்கு இரண்டுமே தெரியாது, உங்கள் பாஷையும் தெரியாது. நல்ல பேர் வாங்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்திருப்பான்.

ஆகவே புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு. மறுநாளிலிருந்து தினம் இன்னொரு பங்கு கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். மீதி நேரம் உள்ளே, நிழலில் ஏதாவது வேலை கொடுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போய் நாள் கணக்கில் தங்கிவிட்டு வருகிற பழைய ஆளுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஒரு வாரம் விட்டாலே பழக்கம் கரையத் தொடங்கும். அவரைப் பாதி வேலையில் ஆரம்பித்து நாலாம் நாள் முழு வேலைக்குக் கொண்டுவரலாம்.

அந்தப் பையன் வரட்டும். வந்ததும் அரசு மருத்துவமனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, வெயிலில் வேலை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வெப்ப வாதம், அதாவது வெயிலால் உடம்புச் சூடு எல்லை மீறி மூளை தடுமாறும் 'ஹீட் ஸ்ட்ரோக்', சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பும் கூடுதல். மருத்துவர் சரி என்றாலும் அவன் புது ஆள்தான், அதே ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் தொழிலில் வெயிலுக்கென்று விதியே இல்லையா என்றால், 1975இலேயே இருக்கிறது, ஆனால் அது கான்கிரீட்டுக்கு! ஐ.எஸ். 7861 என்ற இந்தியத் தர விதி, காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் கான்கிரீட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று விலாவாரியாகச் சொல்கிறது. ஜல்லிக்கு நிழல் போடு, தண்ணீர் தெளி, கலவைத் தண்ணீரில் ஐஸ் சேர், வெயில் குறைந்த நேரத்தில் போடு. போட்ட தளத்துக்கு ஈரச் சாக்கு மூடித் தண்ணீர் விடுவதை நீங்கள் ஒரு நாளும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜல்லிக்குச் செய்வதை ஆளுக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனையின் சாரம். ஆட்களிடம் "பார்த்து இருந்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போவதால் ஒன்றும் ஆகாது. வேலை நேரம், நிழல், கழிப்பறை எல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, அவர்கள் கையில் இல்லை.

முதலில் நேரம். கேரளத்தில் கோடை மாதங்களில் வெயிலில் வேலை செய்பவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு என்று தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவு போடுகிறது. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் பிற்பகல் 3:30க்கும் இடையே வெட்டவெளி வேலை கூடாது. அது போக, வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தியாக வேண்டும். கத்தாருக்குப் போய்வந்த நம் ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். ஈரப்பதத்தை அவர்கள் சேர்த்துக்கொண்டதைக் கவனியுங்கள். செங்கல்பட்டுக்குக் கடல் தூரமில்லை. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. டிவியில் 37 டிகிரி என்று சொன்னால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கத்திரிக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மூன்று மாதம் காலை 6 முதல் 11, அப்புறம் 3:30 முதல் 6:30 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் சரியாக வந்துவிடும். நடுவில் பூச்சு வேலை, எலக்ட்ரிக் பைப் பதிப்பது மாதிரி உள்வேலை இருந்தால், செய்ய விருப்பம் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம். கம்பி கட்டுவதுதான் மோசமான வேலை. மேலே வெயில், கீழே சூடேறிய சென்ட்ரிங் தகடு, கையில் சுடும் கம்பி, குனிந்த முதுகு. அங்கே பச்சை வலையைக் கட்டி, கை உறை கொடுத்து, காலையிலேயே முடித்துவிடுங்கள். தளம் போடும் நாளைப் பாதியில் நிறுத்த முடியாது, எனக்கும் தெரியும். ரெடிமிக்ஸ் லாரியும் பம்பும் வைத்தால் சாதாரண வீட்டுத் தளம் சில மணி நேரத்தில் முடியும். அதை விடிகாலைக்கோ மாலைக்கோ தள்ளுங்கள். கான்கிரீட் விரிசல் விடும் வாய்ப்பும் குறையும்.

அடுத்தது தண்ணீர். வெயிலில் உழைப்பவருக்கு 15 – 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது மணிக்கு முக்கால் லிட்டராவது வேண்டும். 14 பேர், எட்டு மணி நேரம்: 84 லிட்டர். நீங்கள் வைப்பது 20 லிட்டர் கேன் ஒன்று! இனி ஐந்து கேன். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரேயடியாக மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கவும் வேண்டாம். உப்பு மாத்திரை தேவையில்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். நீராகாரம், உப்புப் போட்ட மோர் எல்லாம் நல்லது. பீகார் பையன்கள் 'சத்து' என்கிற வறுத்த கடலை மாவில் உப்பும் எலுமிச்சையும் கலந்து குடிப்பார்கள், மோர் பிடிக்காதவனை வற்புறுத்தாதீர்கள்.

ஆனால் ஐந்து கேன் வைத்தாலும் உங்கள் சித்தாள்கள் குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் எங்கே? பக்கத்துக் காலி மனையில் முள்ளுக்குப் பின்னாலா, நாலு ஆண்கள் சாரத்தின் மேலே நிற்கும்போது? அதனால் காலை ஏழு மணிக்கு வீட்டில் குடித்த டீயோடு மாலைவரை ஓட்டுகிறார்கள். சிறுநீர்த் தொற்று, கடுப்பு, இடுப்பு வலி. அந்த வலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குக் கேடு. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணியாக யாராவது இருந்தால் வெயில் வேலையே வேண்டாம். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது.

ஆகவே கடைக்கால் தோண்டும் அன்றைக்கே, தாழ்ப்பாள் உள்ள தற்காலிகக் கழிப்பறை ஒன்று. தகரம் நாலு, கோப்பை ஒன்று, கதவு ஒன்று. சிமெண்ட் கொட்டகை போடுவதற்கு முன்னால் அதைப் போடுங்கள். குடிநீரும் கழிப்பறையும் 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தன. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவற்றை விட்டுவிடவில்லை. வெயிலுக்கு மருந்து கேட்டால் கக்கூஸ் கட்டச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். இதில்லாமல் நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னது உங்கள் சித்தாள்களுக்குப் பிரயோஜனப்படாது.

பையன்கள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தகரக் கொட்டகை என்றால், பகல் முழுக்கக் காய்ந்த உடம்பு ராத்திரியும் ஆறாது, மறுநாள் சூட்டோடு சூடாக ஏணி ஏறும். தகரத்துக்கு மேலே தென்னங்கீற்று வேயுங்கள் அல்லது வெள்ளை அடியுங்கள், ஒரு மின்விசிறியும் போடுங்கள்.

இனி, மறுபடி ஒருவர் உளறினாலோ தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ: சோடா வேண்டாம், சாவி வேண்டாம். நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாயில் போய்விடலாம். நிழலுக்குத் தூக்கிச் சட்டையைக் கழற்றி, தளத்துக்குத் தண்ணீர் விடும் ஓஸ் பைப்பை உடம்பு முழுக்கத் திருப்புங்கள். வெயிலில் கிடந்த பைப்பில் முதலில் கொதிநீர்தான் வரும், அதைக் கீழே விட்டுவிடுங்கள். அட்டையால் விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. குளிர்விக்காமல் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போவது வீண் தாமதம். இதை 14 பேருக்கும் சொல்லிவையுங்கள், இந்தியிலும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள், தனக்குத் தலை சுற்றுகிறது என்பது விழுபவனுக்குக் கடைசியில்தான் தெரியும்.

வேலை பின்தங்குமே என்ற கவலைக்கு வருகிறேன். வெயில் ஏற்கெனவே உங்கள் வேலையைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. கத்தாரில் பார்க்கிற அதே அளவு 20 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு டிகிரிக்கும் உழைப்பின் பலன் 2 முதல் 3 சதவீதம் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் 2025இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எல் சல்வடோரில் கரும்பு வெட்டுபவர்களுக்கு நகர்த்திக்கொண்டு போகும் நிழல் பந்தல், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, கட்டாய ஓய்வு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு நாள் வெட்டு 5.1 டன்னிலிருந்து 7.3 டன் வரை ஏறியது. புது வகை அரிவாளும் கொடுத்தார்கள், அதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ஓய்வு கொடுத்ததால் வெட்டு குறையவில்லை பாருங்கள். அப்புறம், வெயிலில் மயங்கினால்தான் வெயில் விபத்து என்று நினைக்கக் கூடாது. வியர்த்த கை நழுவிச் சாரத்திலிருந்து விழுவதும் அதுதான். அதிக வெப்பத்தால் ஆண்டுக்கு 2 கோடியே 28 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைக் காயங்கள் என்று 2024இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது.

எல்லாரும் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா பாருங்கள். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். யாரும் அதை வாங்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

செலவை நீங்களே சுமக்க வேண்டாம். தண்ணீர், கழிப்பறை, பச்சை வலை மூன்றையும் கொட்டேஷனில் தனி வரியாக எழுதி வீட்டுக்காரரிடம் கொடுங்கள். ஜல்லிக்குப் பேரம் பேசுவார், இதற்குப் பேசக் கொஞ்சம் கூச்சப்படுவார். கூலியைக் குறைக்கிற பேச்சு வந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், நேரம் மாறுகிறதே ஒழிய வேலை குறையவில்லை. காலை 6 மணிக்கு மிக்ஸர் ஓடினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு வரும் வேலையை வீட்டுக்காரரிடமே விடுங்கள், ஆவணிக்கு அப்புறம் அவர்களோடு குடியிருக்கப் போகிறவர் அவர்தானே.