மேலே என்றால் யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

கொரோனா சமயத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஓட்டல்களில் தனிமைப்படுத்தல் சொதப்பியதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அங்கே பழியை செக்யூரிட்டிகள் தலையில் கட்டினார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். நம்ம ஏரியா கதை வேறு. 2020 மே முதல் ஆகஸ்ட் வரை தனிமைப்படுத்திய வீடுகளுக்குக் காய்கறி, மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வாலண்டியராக இருந்தேன். எவ்வளவு சொன்னாலும் ஜனங்கள் கேட்கவில்லை. தகரம் அடித்த வீட்டிலிருந்தே வெளியே வந்தார்கள். ஏன் என்று கேட்டால் சண்டைக்கு வந்தார்கள். நிறைய வீடுகளில் கக்கூஸ் வெளியே இருக்கிறது என்று மேலே சொன்னோம், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வீடு வீடாக நோட்டுப் போட்டு எழுதி வைத்தவன் நான். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லாத ஜனங்களை விட்டுவிட்டு அதிகாரிகளிடம் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? அதுவும் இத்தனை வருஷம் கழித்து?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

கோபத்துக்கு நடுவில் ஒரு வரியை எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்கள். "மேலே சொன்னோம், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்." எனக்கு உங்கள் கடிதமே அந்த வரிதான். அதற்கு வருவதற்கு முன்னால் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு ஸ்டோர் வீடு இருக்கிறது. ஆறு குடித்தனம், நடுவில் ஒரு அடிபம்பு, வாசலை ஒட்டி இரண்டு கக்கூஸ். 2020 ஜூனில் ஒரு குடித்தனத்தில் வீட்டுக்காரருக்குத் தொற்று உறுதியாகி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே அவர் மனைவி, மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மறுநாள் அந்தக் கதவுக்குக் குறுக்கே தகரம் அடித்தார்கள். பம்பும் கக்கூசும் தகரத்துக்கு இந்தப் பக்கம். அடித்துக்கொண்டிருந்தவரிடம் நானே கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும்க்கா, அடிக்கச் சொன்னாங்க, அடிக்கிறேன்" என்றார். அவரும் தினக்கூலிதான்.

தகரத்துக்குக் கீழே ஒரு ஜாண் இடைவெளி. பால் பாக்கெட்டும் இட்லிப் பொட்டலமும் அதன் வழியாகத்தான் போயின. மூன்றாம் நாள் விடியற்காலை, ஓரத்து ஆணியைப் பெயர்த்துவிட்டு அந்தப் பெண் மூத்த மகளைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ செல்போனில் பிடித்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்குள் அது தெரு வாட்ஸ்அப் குழு எல்லாவற்றிலும் சுற்றியது. "இவங்களாலதான் நமக்கும் வருது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நானும் பார்த்தேன். கக்கூஸ் வெளியே இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, பயந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன். அது நான் செய்த தவறு.

தகரத்தில் ஒட்டிய நோட்டீஸ் இன்னும் கண்ணில் நிற்கிறது. குடும்பத் தலைவர் பெயர், உள்ளே எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எல்லாம் இருந்தன. அடைக்கச் சொன்னவர் பெயர் மட்டும் இல்லை. தகுந்த அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தனியாக உத்தரவிட்டால் தவிர வீட்டு வாசலில் இப்படி ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று சொன்னது. அதற்குள் எங்கள் தெரு நோட்டீஸ்கள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தன.

நீங்கள் நோட்டோடு நின்றதும் இப்படி ஒரு தகரத்துக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் இப்படி ஒரு பெண். சண்டை உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது. "பார்த்துக்கொள்ளலாம்" என்றவர் அங்கே இல்லவே இல்லை.

மெல்போர்னைப் பற்றி நான் எழுதியதும் இதனால்தான். அங்கே 2020 மார்ச் கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை ஓட்டல்களில் அடைத்துத் தனியார் காவலாளிகளைக் காவலுக்கு வைத்தார்கள். இரண்டு ஓட்டல்களிலிருந்து தொற்று வெளியே கசிந்தது. அதிலிருந்து கிளம்பிய இரண்டாம் அலையில் 700க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். காவலாளிகளைப் பத்திரிகைகள் கிழித்தன. விசாரணை வந்த பிறகுதான், அதில் ஒரு ஓட்டலில் முதலில் தொற்று தெரியவந்த ஊழியர் காவலாளியே இல்லை, இரவு நேர மேலாளர் என்று ஊருக்குத் தெரிந்தது. விசாரணை நடத்தியவர் ஜெனிஃபர் கோட் என்ற முன்னாள் நீதிபதி. ஒரே கேள்வியை அவர் விடாமல் கேட்க வைத்தார். தனியார் காவலாளிகளை வைக்கலாம் என்று முடிவெடுத்தது யார்? மாநில முதல்வர், அமைச்சர்கள், போலீஸ் தலைவர், உயரதிகாரிகள் எல்லோரும் வந்து உட்கார்ந்து, நான் இல்லை என்றார்கள். தொலைபேசிப் பதிவுகளைக்கூட வரவழைத்தார்கள். அதில் ஒரு அழைப்பு வெளிவந்ததும் மாநிலத்தின் மூத்த அதிகாரி ஒருவர் பதவி விலகினார். அதற்கு முன்பே சுகாதார அமைச்சர் விலகியிருந்தார். கடைசியில் முடிவு என்று யாரும் எடுக்கவில்லை, ஒரு கூட்டத்தில் அப்படித்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்று தெரிந்தது. யாரும் எடுக்காத முடிவு என்பதே அறிக்கையில் ஏறியது.

அதே ஊரின் வடக்குப் பகுதியில், நம்ம ஹவுசிங் போர்டு மாதிரி ஒன்பது அடுக்குமாடிகளை 2020 ஜூலை 4 அன்று மாலை, சொன்ன நிமிஷமே போலீசை நிறுத்தி அடைத்தார்கள். உள்ளே சுமார் 3,000 பேர், ஏழைகள், அகதிகளாக வந்தவர்கள். பிறகு அந்த மாநிலத்தின் குறைதீர்ப்பாளர் விசாரித்தபோது, உத்தரவில் கையெழுத்துப் போட்ட சுகாதார அதிகாரிக்கு யோசிக்கக் கிடைத்தது 15 நிமிஷம் என்பது வரை வெளியே வந்தது. மனித உரிமை மீறல் என்று அறிக்கை சொன்னது. அரசு மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டது. அங்கேயும் நியாயம் முழுசாகக் கிடைத்துவிடவில்லை, தம்பி. கையெழுத்து யாருடையது என்றாவது அந்த ஜனங்களுக்குத் தெரியும்.

நமக்கோ 1897ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம், பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்டது. அதன் மூன்றாவது பிரிவு, உத்தரவை மீறுகிறவருக்குத் தண்டனை. நான்காவது பிரிவு, நல்லெண்ணத்தில் செய்த எதற்காகவும் யார் மேலும் வழக்குப் போட முடியாது. மூன்றாவது உங்களையும் என்னையும் பார்த்து எழுதியது, நான்காவது உத்தரவு போடுகிறவர்களைப் பார்த்து எழுதியது. ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் சுமார் 10 லட்சம் வழக்குகள். 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய சமயத்தில், அதில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெறுவதாக அன்றைய முதல்வர் அறிவித்தார். கட்டுப்பாடில்லாத ஜனங்களைப் பற்றிக் கேட்டீர்களே, அவர்களிடம் கணக்குக் கேட்காமல் இருந்த நாளே கிடையாது.

கோயம்பேடு மார்க்கெட்டை நினைத்துப் பாருங்கள். நாலு நாள் முழு ஊரடங்கு என்று 2020 ஏப்ரல் 24 அன்று அறிவித்தார்கள், 26ஆம் தேதி காலையிலிருந்து அமல். நடுவில் ஒரே ஒரு நாள். ஊரே காய்கறிக்குப் போய் நெருக்கியடித்தது. திட்டு வாங்கியவர்கள் கூடை தூக்கியவர்களும் கொத்தமல்லி வாங்கப் போனவர்களும்.

அதிகாரிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அந்தக் கவச உடைக்குள் வியர்த்து நனைந்து வேலை பார்த்தவர்களை நேரில் பார்த்தவள் நான். கணக்குக் கேட்டால் ஒன்றும் நடக்காது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாநிலத்தின் கொரோனா சாவுக் கணக்கும் சென்னையின் இறப்புப் பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்று கேள்வி எழுந்தது. குழு போட்டார்கள். 2020 ஜூலை 22 அன்று, விட்டுப்போன 444 சாவுகளைக் கணக்கில் சேர்த்தார்கள். கேட்டதால்தான் அந்த 444 பேரும் கணக்கில் வந்தார்கள்.

யாரையும் ஜெயிலில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கக்கூஸ் வெளியே இருக்கும் வீட்டைத் தகரம் வைத்து அடைக்கலாம் என்று எந்த நாற்காலியில் முடிவானது, நீங்கள் சொன்ன தகவல் எந்த மேஜை வரை போனது, அங்கே ஏன் நின்றது, இதை யாராவது பொதுவில் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த தொற்று வரும்போதும் அந்த ஸ்டோர் வீடு அப்படியேதான் இருக்கும். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்றீர்களே, அதற்குத்தான்.

அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கக்கூஸ், தண்ணீர் என்று எழுதியிருக்கும் பக்கங்களைத் தேடி எடுங்கள். யாரிடம் சொன்னீர்கள், என்ன தேதி, போனிலா நேரிலா, நினைவு இருக்கும் வரை ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். வீட்டுக்காரர்கள் பெயரை மறைத்து நகல் எடுத்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன்.

அந்தப் பெண் இன்னும் எங்கள் தெருமுனையில்தான் இட்லிக் கடை போடுகிறார். அவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வீடியோ வந்த காலையில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா