சத்துவாச்சாரி தள வீடா, பள்ளிகொண்டா ஓட்டு வீடா: இருக்கிற பணத்தை எதில் போடுவது?

உங்களுக்கு வேலூர்ப் பக்கம் பள்ளிகொண்டாவில் தாத்தா காலத்து ஓட்டு வீடு. சத்துவாச்சாரியில் அப்பா 1986-ல் கட்டிய கான்கிரீட் தளம் போட்ட வீடு. இரண்டும் பழுது, பணம் ஒன்றுக்குத்தான் வரும், அம்மாவும் கூட வந்து இருக்கப்போகிறார். சொந்தக்காரர்கள் எல்லாருமே தள வீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லத்தான் செய்வார்கள். "கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல, பைபாஸ் மேல இருக்கு, நாளைக்கே வாடகைக்கு விடலாம், அதை விட்டுட்டு ஓட்டு வீட்டுல போய் யாராவது காசைக் கொட்டுவாங்களா" என்ற பேச்சை நானும் போதுமான அளவு கேட்டிருக்கிறேன்.

எங்களுக்குக் குடியாத்தத்தில் தாத்தாவின் நெசவு வீடு, ராணிப்பேட்டைப் பக்கம் அப்பா எண்பதுகளில் கட்டிய தள வீடு. நாங்கள் சரிசெய்தது ஓட்டு வீட்டை. பழைய வீட்டின் மேல் எனக்குப் பெரிய பாசமெல்லாம் கிடையாது, குரங்குத் தொல்லைக்கு அதை விற்றுவிடலாம் என்று சொன்னவள்தான் நான். தள வீட்டின் மேற்கூரையைத் தட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது.

நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு நல்ல மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய், சுத்தியலின் கட்டைப் பிடியால் தளத்தின் அடிப்பக்கத்தை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். கம்பி துருப்பிடித்து ஊதி, அடிப்பூச்சு கழன்ற இடத்தில் 'பொத் பொத்' என்று கேட்கும். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை பாத்ரூமுக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, சன்ஷேடு, ஃபேன் கொக்கி மாட்டிய இடம். எங்கள் வீட்டு ஹாலில் பெயின்ட் புத்தம் புதிதாக இருந்தது. மேஸ்திரி கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு விழுந்தது. அடியில் கம்பி தாள் தாளாக உரிந்தது. "வெளிய பளபளன்னு கீதும்மா, உள்ள கம்பி அப்பளமா பூட்டுது" என்றார்.

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் பொறியியல் கல்லூரிகளில் சிவில் துறையினர் கட்டணம் வாங்கிக்கொண்டு வந்து சோதித்துத் தருவார்கள். தம்பி நம்பவில்லை என்பதற்காகத்தான் நாங்கள் செய்தோம். கான்கிரீட்டில் சின்னதாகத் துளை போட்டு ஃபினால்ஃப்தலீன் என்ற கரைசலைத் தெளிப்பார்கள். காரத்தன்மை போகாத கான்கிரீட் நல்ல ரோஸ் நிறமாக மாறும். காற்றில் இருக்கும் கரியமில வாயு ஏறி அந்தக் காரம் செத்துப்போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பதே அந்தக் காரம்தான். எங்கள் தளத்தில் ரோஸ் நிறம் கம்பியைத் தாண்டி உள்ளேதான் ஆரம்பித்தது. தம்பி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

நம் பழைய வேலூர் ஜில்லாவில் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது ஊரறிந்த விஷயம், 1996-லேயே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான வழக்கு. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் வாயில் வைக்க முடியாத போர் தண்ணீரைத்தான் கலவைக்கும் ஊற்றினார்கள், பிறகு கான்கிரீட்டை நனைத்து இறுக வைக்கும் க்யூரிங்குக்கும் ஊற்றினார்கள். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை விடுகிறார்கள். உப்பு அரிப்பது கம்பியைத்தான் என்பது அதிலேயே தெரியும். சத்துவாச்சாரி அந்தப் பக்கம் இல்லைதான், ஆனாலும் வீடு கட்டும்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அம்மாவைக் கேளுங்கள், அவருக்கு ஞாபகம் இருக்கும்.

தளம் ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு அடுக்கு தட்டை ஓடு பதித்துக்கொண்டே போயிருந்தால் அந்த எடையும் சேர்ந்துகொள்ளும். புதிதாக எதைப் போட்டாலும் பழையதை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அங்கங்கே மட்டும் 'பொத் பொத்' என்றால் துருவைச் சுரண்டி, ரசாயனம் பூசி, ஒட்டுப்போட்டு ஓட்டலாம். தளம் முழுக்கப் போயிருந்தால் மராமத்து என்று சொல்லிக்கொண்டு புது வீட்டுச் செலவு செய்வீர்கள்.

ஓட்டு வீட்டில் இருக்கும் வசதி, பழுது எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்கும், துண்டு துண்டாக மாற்றலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, விட்டமும், ஓட்டைத் தாங்கும் சாய்வான கைமரமும் சுவருக்குள் நுழையும் முனையில் குத்திப் பாருங்கள். நடுவில் குத்திப் பிரயோஜனம் இல்லை, ஈரமும் கரையானும் முனையில்தான் பிடிக்கும். எங்களுக்குச் சமையற்கட்டுப் பக்கம் ஒரு விட்டமும் நாலைந்து கைமரமும் போயிருந்தன. மற்றதெல்லாம் கல்லு மாதிரி இருந்தது. நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு, ஓடு உட்காரும் ரீப்பர் சட்டங்களை மாற்றி, பழைய சீமை ஓடு வாங்கிப் போட்டோம்.

சுவர் மண் சாந்தில் கட்டியதா, சுண்ணாம்பா என்று பாருங்கள். எதுவானாலும் மேலே சிமெண்ட் பூசாதீர்கள். மாமா ஒருவர் ஒருமுறை ஆசையாகச் சிமெண்ட் பூசிக் கொடுத்திருந்தார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போனோம். அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், கூலியும் கூட.

இன்னொன்று, நெசவு வீடு என்பதால் எங்களுக்கு வந்தது. முன்கூடத்தில் ஒரு மூலை மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கும். தரையை உடைத்துப் பார்த்தால், நெய்பவர் காலை இறக்கி உட்காரும் பழைய தறிக்குழி. உடைந்த ஓடும் குப்பையும் போட்டு மேலோடு சிமெண்ட் பூசி மூடியிருக்கிறார்கள். நூல் சுற்றும் தார்க்குச்சிகள் கூட உள்ளே கிடந்தன. எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, மணலை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டுத் திம்சுக் கட்டையால் இடித்து, அதற்கு மேல்தான் தரை போட்டோம். உங்கள் வீட்டில் தறி இல்லாவிட்டாலும் பழைய உரல் குழி, குதிர் இருந்த இடம், மூடிய கிணறு ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீட்டைத் தூக்கிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மண் சுவர் நாள்கணக்கில் ஊறினால் சொல்லாமல் விழும். 2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் போனது நம் ஜில்லாவில் யாருக்கும் மறக்காது. சுவரில் மேலிருந்து கீழாக விரல் நுழையும் விரிசல் இருந்தாலோ, சுவர் வயிறு தள்ளி நின்றாலோ அந்த வீட்டைத் தொடாதீர்கள். பள்ளிகொண்டா பாலாற்றுக் கரை வேறு. அதே மழையில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டுக்காரரைக் கேளுங்கள். ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகியிருந்தால் தரையை உயர்த்த வேண்டும், உயர்த்தினால் தாழ்வாரத்தில் தலை இடிக்கும்.

அம்மாவுக்கு வேண்டியது உள்ளேயே கக்கூஸ், படி இல்லாத தரை, எர்த் போட்ட புது ஒயரிங். இதற்கான செலவு இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் தேர்வுக்கு அது உதவாது. ஆஸ்பத்திரி தூரம் உதவும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போக வேண்டிய உடம்பு என்றால் சத்துவாச்சாரிக்கு ஒரு பலம் கூடுகிறது. ஆகவே தளம் தேறினால் கண்ணை மூடிக்கொண்டு சத்துவாச்சாரி. தேறாவிட்டால் அதில் பெயின்ட் காசு கூடப் போடாதீர்கள், வாடகைக்கும் விடாதீர்கள். அங்கே மதிப்பு மனைக்குத்தான், அது எங்கேயும் போகாது. பணத்தைப் பள்ளிகொண்டாவில் போடுங்கள்.

போடும் முன் பத்திரம். தாத்தா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் போயிருந்தால் அத்தைகளுக்கும் சம பங்கு உண்டு. 'அவங்க கேக்க மாட்டாங்க' என்பதை நம்பி ஓட்டைப் பிரிக்காதீர்கள், வீடு பளிச்சென்று ஆன பிறகு கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ முதலில் பதிந்துவிடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பை 40,000 ரூபாயாகவும் பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பை 10,000 ரூபாயாகவும் 2023 ஜூலையில் ஏற்றினார்கள். யார் யார் 'குடும்பம்' என்பதற்குத் தனி வரையறை உண்டு. அண்ணன் தங்கைக்குள் எழுதுவதும் அத்தை உங்களுக்கு எழுதித் தருவதும் ஒரே கணக்காக இருக்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். ஊர்க் குடியிருப்புக்கான நத்தம் மனை என்றால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

ஓட்டு வேலையைத் தை பிறந்ததும் தொடங்கினால் கோடைமழைக்கு முன் கூரை மூடிவிடும். சித்திரையில் தொடங்கினால் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் நம் ஊர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் கூரையில் ஏற மாட்டார்கள்.