ரெண்டரை நூல் கேட்டால் எந்த மறை? பழைய கார் போல்ட், நட் கேள்வி பதில்

டெல்டா பக்கம் அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, ஜீப் வைத்திருப்பவர்கள் போல்ட், நட் பற்றிக் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

தஞ்சாவூர், 1972 அம்பாசடர்: அண்ணே, டைனமோ பிராக்கெட்டுக்கு ரெண்டரை நூல் போல்ட் வாங்கினேன். கையால மூணு சுத்து போகுது, அப்புறம் இறுகிடுது. ஓட்டைக்குள்ள அழுக்கா?

அழுக்கு இல்லை, மறை, அதாவது திருகுப் பல், வேற. மேல ஸ்பேனர் போடாதீங்க. ரெண்டரை நூல்னா 5/16 அங்குலம், அது தடிமன் மட்டும்தான். உங்க வண்டியில அந்த இடத்துல யு.என்.எஃப், அதாவது அங்குல அளவுல நெருக்கமான மறை, அங்குலத்துக்கு 24 பல். ஹார்டுவேர் கடையில ரெண்டரை நூல்னு கேட்டா அங்குலத்துக்கு 18 பல் உள்ள தடிச்ச மறையைக் கொடுப்பாங்க, இல்லேன்னா எம்8, அதாவது மில்லிமீட்டர் மறை. எம்8 ரொம்ப ஏமாத்தும்: 5/16ன்னா 7.94 மி.மீ, இது 8 மி.மீ, கண்ணுக்கு ஒண்ணுதான். ஆனா எம்8 பிட்ச், அதாவது பல்லுக்குப் பல் இடைவெளி, 1.25 மி.மீ, உங்களுது சுமார் 1.06. ரெண்டு மூணு சுத்துக்கு அந்த வித்தியாசம் தாங்கும், அதுக்கப்புறம் பல் மேல பல் ஏறும்.

கடைக்குப் பழைய போல்ட்டைக் கொண்டு போங்க. பழசையும் புதுசையும் பக்கவாட்டுல மறையோட மறை பதியவெச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க. ஒரே மறைன்னா பல்லுக்குள்ள பல் உக்காரும், நடுவுல வெளிச்சம் தெரியாது. நாலஞ்சு பல் தாண்டி விலகினா வேண்டாம்.

ஓட்டையில மறை ஏற்கெனவே கெட்டிருந்தா "எம்8 டேப் விட்டுடலாம்"னு பட்டறையில சொல்வாங்க. பழைய பல்லுக்குக் குறுக்கே புதுப் பல் வெட்டும், ரெண்டும் அரைகுறையா நிக்கும். 5/16 யு.என்.எஃப் ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள திருகி வைக்கிற கம்பிச்சுருள் மறை) போட்டா பழைய அளவே திரும்பக் கிடைக்கும்.

மன்னார்குடி, 1985 பத்மினி: எங்க வண்டிக்கும் இதே கதையா?

இல்லை, உங்களுது ஃபியட் வழி வந்தது, மில்லிமீட்டர் மறை. எம்10 இடங்கள்ல மட்டும் பிட்ச் பாருங்க. சும்மா எம்10 கேட்டா 1.5 பிட்ச் வரும். ஃபியட் நிறைய இடத்துல 1.25 வைக்கும்.

நாகப்பட்டினம், ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சார், உப்புக் காத்துல வருஷா வருஷம் துரு. மொத்தமா எஸ்எஸ் (எவர்சில்வர்) போல்ட்டா மாத்திடலாமா?

மொத்தமா வேண்டாம். துருப்பிடிக்காதுங்கிறதால பலம் அதிகம்னு எடுத்துக்கக் கூடாது. கடையில கிடைக்கிற ஏ2-70 எஸ்எஸ் போல்ட் 450 மெகாபாஸ்கல்ல நீள ஆரம்பிக்கும்; 8.8 ஹைடென்சில் (உறுதி கூடின இரும்பு போல்ட்) 640 வரை தாங்கும். அதனால ஸ்டீரிங், பிரேக், சஸ்பென்ஷன், ஃப்ளைவீல், சீட் பெல்ட் இங்கெல்லாம் எஸ்எஸ் கிடையவே கிடையாது. அங்க தலையில 8.8 எழுதினது, அங்குல மறைன்னா தலையில மூணு கோடு போட்ட கிரேடு 5. எங்கேயாவது கிரேடு 8, அதாவது ஆறு கோடு இருந்ததுன்னா அதையே திரும்பப் போடுங்க. தலையில ஒண்ணுமே இல்லாத போல்ட் நம்பர் பிளேட்டுக்கு ஆகும்.

மட்கார்டு, கிரில், விளக்கு வளையம், நம்பர் பிளேட், ரேடியேட்டர் மறைப்புத் தகடு இதுக்கெல்லாம் எஸ்எஸ் தாராளமா போடுங்க. கடலோரம்னா ஏ2ல டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை வரும். ஏ4 வாங்குங்க, அதுல மாலிப்டினம் இருக்கு, உப்பை நல்லாத் தாங்கும். காந்தம் வெச்சுச் சோதிக்கிறது அவ்வளவு நம்பகமில்லை; நல்ல எஸ்எஸ் போல்ட்டே தலை அடிக்கும்போது லேசா காந்தம் பிடிக்கிற மாதிரி ஆயிடும்.

இன்னும் ரெண்டு தொல்லை இருக்கு. எஸ்எஸ் நட்டை எஸ்எஸ் போல்ட்டுல வேகமா ஓட்டினா பாதியிலேயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, அறுத்துத்தான் எடுக்கணும். மறையில ஆன்டிசீஸ் (ஒட்டாம இருக்கத் தடவுற பசை) தடவி, கையால மெதுவா ஓட்டுங்க, இம்பாக்ட் கன் வேண்டாம். வழவழப்பு இருந்தா அதே டார்க்குக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, இறுக்கம் கூடிடும். சொன்ன டார்க்குல கால்வாசி குறைங்க. ரெண்டாவது, அலுமினியத்துல எஸ்எஸ் போட்டா உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம்தான் அரிக்கும். மறையைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்தா அதுதான். அங்க துத்தநாகம் பூசின இரும்பு போல்ட்டே மேல்.

பாடியை சேசிஸோட பிடிக்கிற போல்ட்டுக்கும் துத்தநாகம் பூசின 8.8 போடுங்க, மாட்டின பிறகு மெழுகோ கிரீஸோ பூசுங்க. அறுவடை நேரத்துல ரோட்டுல கிடக்கிற வைக்கோல் அடியில சுத்திக்கிட்டா ஐப்பசி மழைக்கு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அதைப் பிடுங்கிப் போடாம எந்த பூச்சு பூசியும் பிரயோஜனமில்லை.

கும்பகோணம், அம்பாசடர்: பம்பர் போல்ட் குரோம் போட்டது ஆறு மாசத்துல துரு. பளபளப்பா நிக்க என்ன வழி?

அடியில நிக்கல் சரியா போடாம மேல மட்டும் குரோம் மின்ன வெச்சிருப்பாங்க. எஸ்எஸ்ல வட்டத்தலை, சதுரக் கழுத்து போல்ட் வாங்கி, எவர்சில்வர் பாத்திரம் பஃப் பண்ற பட்டறையில தலையை மட்டும் பஃப் போடுங்க. உங்க ஊர்ல அதுக்குப் பஞ்சமா? ஆலன் தலை (தலையில அறுகோணக் குழி உள்ள) போல்ட் மட்டும் வேண்டாம், பழைய வண்டியில அது துருத்திக்கிட்டுத் தெரியும்.

மயிலாடுதுறை: பழைய ஒரிஜினல் போல்ட்டையே மஞ்சள் பிளேட்டிங் (மஞ்சள் நிறத் துத்தநாகப் பூச்சு) போடலாமா?

போடலாம். கிரீஸ் போக மண்ணெண்ணெயில ஊறவெச்சு, கம்பி பிரஷ் போட்டு, மறை தேஞ்சதை ஒதுக்கிட்டு, எண்ணி, போட்டோ எடுத்து அனுப்புங்க. பட்டறையில நாலு பேர் சரக்கோட கலந்துதான் வரும். 8 மைக்ரான் போதும்னு சொல்லுங்க. பக்கத்துக்கு 8 மைக்ரான்னா, பல் சாய்வா இருக்கிறதால மறையோட பிட்ச் விட்டம் (பல்லோட நடு உயரத்துல அளக்கிறது) 32 மைக்ரான் கூடும். அதுக்கு மேல போனா நட் ஏறாது. ஸ்பிரிங் வாஷர், தலையில 10.9 அல்லது அதுக்கு மேல எழுதின போல்ட் இதையெல்லாம் கொடுக்காதீங்க. ஆசிட்லயும் பிளேட்டிங்லயும் ஹைட்ரஜன் உள்ள போய், மாட்டி ரெண்டு நாள் கழிச்சுத் தானா முறியும். பிளேட்டிங் முடிஞ்சதும் 200 டிகிரி வாக்குல பல மணி நேரம் சூடு பண்ணி எடுக்கிற பட்டறைன்னா சரி. இல்லேன்னா புதுசு வாங்கிடுங்க.

திருவாரூர்: சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பித்தளை நட் நல்லதாமே? நாச்சியார்கோயில்ல வார்த்துக்கலாமா?

பித்தளை நல்லது, இரும்பு ஸ்டட்டோட (தலையில்லாத போல்ட்) துருவேறி ஒட்டாது. அடுத்த தடவை ஸ்டட் முறியாம கழலும். ஆனா வார்ப்பு வேண்டாம். குத்துவிளக்குக்குப் பரவாயில்லை, நட்டுல உள்ள ஒரு காத்துக்குமிழ் இருந்தாலும் பிளந்துடும். அறுகோணப் பித்தளைக் கம்பியில லேத்துல கடைஞ்சு, கொஞ்சம் உயரமா செய்யச் சொல்லுங்க. அடியில தடிச்ச வாஷர். நைலான் வளையம் உள்ள நட் அங்க கூடாது, 120 டிகிரி தாண்டினா நைலான் பிடி விட்டுடும். ரெண்டு தடவை நல்லா சூடாகி ஆறின பிறகு ஒருக்கா இறுக்கிப் பாருங்க.

திருத்துறைப்பூண்டி, ஜீப்: ஸ்பிரிங் ஷாக்கிள்ல (பட்டை ஸ்பிரிங்கை சேசிஸோட இணைக்கிற தகடு) முழு மறை போல்ட் போட்டிருக்காங்க. ஓடுமா?

ஓடும், ஆனா புஷ்ஷை (போல்ட்டைச் சுத்தி இருக்கிற உருளை உறை) அரம் மாதிரி ராவும். வெட்டு விழுற இடத்துல மறைப் பள்ளம் வந்தா போல்ட் அங்கேயே முறியும். அரை மறை போல்ட் வாங்குங்க. ஷாக்கிள் தகடு வரைக்கும் வழவழப்பான தண்டு வரணும், நட்டுக்கு வெளியே ரெண்டு மறை தெரியணும். ரப்பர் புஷ்னா கடைசி இறுக்கு, வண்டி நாலு சக்கரத்துல நிக்கும்போது. ஜாக்கியில தூக்கி வெச்சு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழியும். நைலான் நட்டும் ஸ்பிளிட் பின்னும் கழட்டின பிறகு குப்பைக்கு.

தஞ்சாவூர், மறுபடி: அண்ணே, 5/16 போல்ட் தலைக்கு 13 நம்பர் ஸ்பேனர் போட்டா கொஞ்சம் ஆடுது.

ஆடத்தான் செய்யும். அந்தத் தலை 1/2 அங்குலம், 12.7 மி.மீ. 13 போட்டுப் போட்டுத்தான் பாதி அம்பாசடர்ல தலை மூலை மழுங்கிக் கிடக்கு. 7/16, 1/2, 9/16, இந்த மூணு ரிங் ஸ்பேனர் போதும், முக்கால்வாசி வண்டியைக் கழட்டிடலாம்.