கதவு மூடும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க விமான நிறுவனங்களில் கேபின் பணியாளர்களாக இருக்கும் வாசகர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளிலிருந்து, ஊதியம், ஓய்வு, விடுப்பு, தொழிற்சங்க ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கேள்வி கேட்டவர்களின் வேலைக்கு இடையூறு வரக்கூடாது என்பதால் பெயர்களையும் நிறுவனங்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: என் மகள் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தில் கேபின் பணியாளராகச் சேர்ந்திருக்கிறாள். பயணிகள் ஏறி அமரும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது என்கிறாள். சீருடையோடு நின்று வேலை செய்யும் நேரத்துக்குச் சம்பளம் இல்லாமல் இருக்குமா?

பதில்: இருக்கும். உங்கள் மகள் சொல்வது உண்மைதான். இந்தத் தொழிலில் மணிக்கணக்கு ஊதியம் 'பிளாக் நேரம்' என்ற அளவை வைத்தே நெடுங்காலமாகக் கணக்கிடப்பட்டு வருகிறது. விமானத்தின் கதவு மூடப்பட்டு, அது நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சென்று சேர்ந்த நிலையத்தில் நிறுத்தப்படும் வரை உள்ள நேரமே பிளாக் நேரம். நிலையத்துக்கு வந்து கையெழுத்திடுவது, அவசரகாலக் கருவிகளைச் சரிபார்ப்பது, பயணிகளை ஏற்றுவது, அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பது ஆகியவை எல்லாம் பணி நேரமாகக் கருதப்பட்டாலும், மணிக்கணக்கு ஊதியத்துக்குள் வருவதில்லை.

இதில் எனக்குப் பெரிய அநீதியாகத் தோன்றுவது பயணிகள் ஏறும் நேரம்தான். மேல்பெட்டிகளில் இடமில்லாமல் பைகளோடு நிற்பவர்களைச் சமாளிப்பதும், அவசர வழி அருகே அமர்பவர் உதவக்கூடியவர்தானா என்று பார்ப்பதும், மது அருந்தி வந்தவரைப் பறப்பதற்கு முன்பே அடையாளம் காண்பதும் அந்த அரை மணி நேரத்தில் நடப்பவை. பயணிகள் ஏறும்போது கேபின் பணியாளர்கள் விமானத்துக்குள் இருந்தே ஆகவேண்டும் என்று பாதுகாப்பு விதி கட்டாயப்படுத்துகிறது. சட்டம் கட்டாயமாக்கிய வேலைக்குக் கூலி இல்லை என்பதை எந்த வழக்கத்தைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

நிலைமை மாறத் தொடங்கிவிட்டது என்பது நல்ல செய்தி. 2022 ஜூனில் டெல்டா நிறுவனம் பயணிகள் ஏறும் நேரத்துக்கு வழக்கமான மணி ஊதியத்தில் பாதியை வழங்கத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணியாளர்கள் ஏற்றுக்கொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்திலும், 2025 பிப்ரவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் பணியாளர்கள் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்திலும் இந்த ஊதியம் இடம்பெற்றது. அண்டை நாடான கனடாவில், 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் கேபின் பணியாளர்கள் 10,000-க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்ததற்கும் தரையில் செய்யும் வேலைக்குக் கூலி இல்லாததே முக்கியக் காரணங்களில் ஒன்று. அரசு சில மணி நேரத்திலேயே வேலைக்குத் திரும்ப வைக்க முயன்றும் அவர்கள் பணியவில்லை. தரைப் பணிக்கும் ஊதியம் தரும் உடன்பாடு ஏற்பட்ட பிறகே திரும்பினார்கள்.

உங்கள் மகள் தம் ஒப்பந்தத்தில் வேறு மூன்றையும் தேடிப் படிக்க வேண்டும். முதலாவது, மாதந்தோறும் உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்ச மணி நேரம். பறந்தது குறைவாக இருந்தாலும் அத்தனை மணி நேரத்துக்கு ஊதியம் உண்டு. அடுத்தது, தம் பணித் தளமான விமான நிலையத்தை விட்டுப் புறப்பட்டது முதல் திரும்பும் வரை மணிக்கணக்கில் தரப்படும் செலவுப்படி. மூன்றாவதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நீண்ட பணி நாளில் பறந்த நேரம் குறைவாக இருந்தால், பணி நேரத்தின் ஒரு பங்கையோ தளத்துக்கு வெளியே கழிந்த நேரத்தின் ஒரு பங்கையோ ஊதிய நேரமாகக் கொள்ளும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. மாதச் சம்பளச் சீட்டைத் தம் பணி அட்டவணையோடு ஒப்பிட்டு, இந்த விதி சரியாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறதா என்று அவரே பார்க்க வேண்டும்.

கேள்வி: மேலே சொன்ன டெல்டாவில் கேபின் பணியாளர்களுக்குச் சங்கமே இல்லை. ஏறும் நேரத்துக்கான ஊதியத்தை அங்கேதான் பெரிய நிறுவனங்களில் முதலில் கொடுத்தார்கள். அப்படியானால் மாதந்தோறும் சந்தா கட்டிச் சங்கத்தில் இருப்பதால் என்ன பயன்?

பதில்: நியாயமான கேள்வி. இதை மழுப்பாமல் பேச வேண்டும். டெல்டாவின் கேபின் பணியாளர்கள் 2002, 2008, 2010 ஆகிய ஆண்டுகளில் நடந்த வாக்கெடுப்புகளில் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2019-இல் விமானப் பணியாளர் சங்கமான ஏ.எஃப்.ஏ. அங்கே மீண்டும் ஆள் திரட்டத் தொடங்கியது. அந்த முயற்சி நடந்துகொண்டிருந்தபோதுதான் 2022-இல் இந்த ஊதியம் அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் நெருக்குதலால் வந்தது என்று சங்கம் சொல்கிறது. பயணிகள் ஏறுவதற்கான நேரத்தை 35 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக நீட்டியதை ஒட்டித் தரப்பட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். இரண்டையும் படித்த எனக்கு, சங்கம் வாசலில் நின்றதால் நிறுவனம் விரைந்து முடிவெடுத்தது என்றே தோன்றுகிறது.

ஆனால் யார் முதலில் கொடுத்தார்கள் என்பதைவிட, கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதே முக்கியம். நிறுவனம் தன் கொள்கையாக அறிவித்த சலுகையை, நட்டம் வந்த ஆண்டில் அது தானே மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரிவை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது. மீறினால் முறையீடு செய்யலாம். அதில் தீராவிட்டால், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே சட்டப்படி அமைக்கப்பட்ட தீர்வு வாரியத்துக்கு எடுத்துச் செல்லலாம். அதன் முடிவு நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். மாதச் சந்தாவில் பெரும்பங்கு இந்த வழக்குகளையும் பேச்சுவார்த்தைகளையும் நடத்துவதற்கே செலவாகிறது.

சங்கக் கட்டணத்தை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று சொல்லி, 'வேலை செய்ய உரிமை' என்ற பெயரில் பல மாநிலங்களில் உள்ள சட்டத்தைக் காட்டிச் சந்தா கட்ட மறுக்கலாமா என்று இதே வாசகர் கேட்டிருக்கிறார். விமானப் பணியாளர்கள் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அச்சட்டம் சங்கக் கட்டணத்தைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களை 1951 முதல் அனுமதிக்கிறது. மாநிலச் சட்டத்தால் அதைத் தடுக்க முடியாது என்று 1956-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அந்த மாநிலச் சட்டம் இங்கே உதவாது.

கேள்வி: எங்கள் ஒப்பந்தம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 90 விழுக்காட்டுக்கும் மேல் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தோம். இருந்தும் ஏன் நிறுத்தம் நடக்கவில்லை? சங்கத் தலைவர்கள் பயப்படுகிறார்களா?

பதில்: தலைவர்களைக் குறை சொல்லும் முன் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1926-இல் ரயில்வேக்காக இயற்றப்பட்டு 1936-இல் விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்படி, உங்கள் ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை. குறித்த தேதிக்குப் பிறகு அதைத் திருத்தப் பேச்சு தொடங்கலாம் என்பது மட்டுமே பொருள். புதிய ஒப்பந்தம் வரும் வரை பழைய விதிகளும் பழைய ஊதியமும் அப்படியே தொடரும்.

நேரடிப் பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியம் சமரசம் பேச மத்தியஸ்தர் ஒருவரை அனுப்பும். அந்த மத்தியஸ்தத்துக்குக் கால வரம்பு கிடையாது; பல ஆண்டுகள் கரைவது இங்கேதான். இனி உடன்பாடு சாத்தியமில்லை என்று வாரியம் கருதினால் மட்டுமே நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று இரு தரப்பையும் கேட்கும். யாராவது மறுத்தால் 30 நாள் காத்திருப்புக் காலம் தொடங்கும். அது முடிந்த பிறகே வேலைநிறுத்தம் சட்டப்படி செல்லும்; அப்போதும் குடியரசுத் தலைவர் அவசரக் குழு ஒன்றை அமைத்து மேலும் தள்ளிப்போடலாம். நீங்கள் அளித்த வாக்கு பேச்சுவார்த்தை மேசையில் சங்கத்துக்கு வலிமை சேர்ப்பது. அதுவே வேலைநிறுத்தத்துக்கான அனுமதி ஆகிவிடாது.

காத்திருப்பு வலிக்கிறது என்பதற்காகக் கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. சவுத்வெஸ்ட் பணியாளர்கள் 2023 டிசம்பரில் ஒரு வரைவு ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். 2024 ஏப்ரலில் ஏற்றுக்கொண்ட அடுத்த ஒப்பந்தத்தில் உடனடியாக 22 விழுக்காடு உயர்வு கிடைத்தது. யுனைடெட் பணியாளர்களில் 71 விழுக்காட்டினர் 2025 ஜூலையில் தங்கள் வரைவை நிராகரித்தார்கள். நிராகரித்தால் பேச்சு மீண்டும் தொடங்கும், ஆனால் அதற்குள் பழைய ஊதியத்திலேயே மாதங்கள் கழியும் என்பதை வாக்களிக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுருக்கத்தை மட்டும் படித்து வாக்களிக்காமல், வரைவின் முழு வாசகத்தைப் படியுங்கள்.

கேள்வி: இரவு வெகுநேரம் கழித்து விடுதிக்குப் போய், அதிகாலையில் மீண்டும் கிளம்பச் சொல்கிறார்கள். சட்டப்படி எவ்வளவு ஓய்வு தர வேண்டும்?

பதில்: 14 மணி நேரம் அல்லது அதற்குக் குறைவான பணிக்குப் பிறகு தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு தரப்பட வேண்டும், எந்தக் காரணம் சொல்லியும் அதைக் குறைக்க முடியாது. முன்பு இது 9 மணி நேரமாக இருந்தது, அதை 8 மணி நேரமாகவும் குறைக்க விதி இடம் தந்தது. 2018-இல் நாடாளுமன்றம் மாற்றச் சொல்லிச் சட்டம் இயற்றியும், விமானப் போக்குவரத்து நிர்வாகம் இறுதி விதியை வெளியிட 2022 அக்டோபர் ஆகிவிட்டது. விமானிகளுக்கு ஏற்கெனவே இருந்த 10 மணி நேர ஓய்வு, அவசரத்தில் பயணிகளை வெளியேற்ற வேண்டியவர்களுக்குக் கிடைக்க இத்தனை காலம் பிடித்தது மனத்தை வருத்துகிறது.

இந்த 10 மணி நேரம் முழுவதும் தூக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். விடுதி வண்டிக்குக் காத்திருப்பதும் போவதும் வருவதும் அதற்குள்ளேயே அடங்கும். சில ஒப்பந்தங்களில், விடுதி அறைக்குள் இருக்கும் நேரத்துக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்தால், வண்டி தாமதமாகும்போது பணி ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உடனே தெரிவித்து, பேசிய நேரத்தைக் குறித்து வையுங்கள். களைப்பால் பாதுகாப்பாகப் பணிபுரிய முடியாத நிலை வந்தால், களைப்பு என்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். உடல்நலக் குறைவு என்று மாற்றிச் சொன்னால் ஓய்வுக் குறைபாடு எந்தப் பதிவிலும் ஏறாது.

கேள்வி: நோயுற்ற என் தாயைக் கவனிக்க விடுப்பு எடுத்ததற்கு வருகைப் பதிவில் புள்ளிகள் ஏற்றிவிட்டார்கள். இன்னும் சில புள்ளிகள் ஏறினால் வேலையே போகும். என்ன செய்வது?

பதில்: அந்த விடுப்பு குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால் அதற்குப் புள்ளி ஏற்றுவது சட்டவிரோதம். பிற துறைகளில் இந்த உரிமைக்கு ஆண்டுக்கு 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் விமானப் பணியாளர்களில் பெரும்பாலோர் அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது என்பதால், முழுநேரம் உழைத்தவர்களில் பலரும் விடுப்புக்குத் தகுதியற்றவர்களாக இருந்தார்கள். சங்கங்கள் தொடர்ந்து வற்புறுத்தியதன் விளைவாக 2009-இல் தனித் திருத்தம் வந்தது. ஓராண்டுப் பணி முடித்திருக்க வேண்டும்; கடந்த 12 மாதங்களில் உறுதியளிக்கப்பட்ட மாத நேரத்தில் 60 விழுக்காட்டுக்காவது பணியாற்றியோ ஊதியம் பெற்றோ இருக்க வேண்டும்; அதோடு 504 மணி நேரமும் எட்டியிருக்க வேண்டும். விடுமுறையும் நோய் விடுப்பும் இந்த 504-இல் சேராது. தகுதி பெற்றவருக்கு 12 மாதங்களில் 72 நாட்கள் வரை, ஊதியமில்லாத ஆனால் வேலைக்குப் பாதுகாப்புள்ள விடுப்பு உண்டு.

நிறுவனம் மருத்துவச் சான்று கேட்டால், அதைத் தர குறைந்தது 15 நாட்கள் அவகாசம் அளிக்க வேண்டும். நீங்கள் அந்த அவகாசத்தைத் தவறவிட்டால் பாதுகாப்பு கைநழுவலாம். ஆகவே தாயின் மருத்துவரிடம் படிவத்தை இன்றே கொடுத்துவிட்டு, புள்ளிகளை நீக்கக் கோரி எழுத்துமூலம் விண்ணப்பித்து, அதன் நகலைச் சங்கப் பிரதிநிதிக்கும் அனுப்புங்கள்.

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. எத்தனை நாள் வரை பறக்கலாம்? குழந்தை பிறந்த பிறகு பால் எடுப்பதற்கு இடைவேளை கிடைக்குமா?

பதில்: முதலில் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் உங்கள் பணி அட்டவணையைக் காட்டுங்கள். உயரத்தில் விண்வெளிக் கதிர்வீச்சு அதிகம். கருவுக்குச் சேரும் கதிர்வீச்சு மொத்தக் கர்ப்ப காலத்திலும் 1 மில்லிசீவர்ட்டுக்கும் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு மாதத்திலும் 0.5 மில்லிசீவர்ட்டுக்கும் மேல் போகக்கூடாது என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. துருவப் பகுதியை ஒட்டிய நீண்ட பயணங்களில் அளவு விரைவாகக் கூடும். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த கர்ப்பிணிப் பணியாளர் நியாயச் சட்டத்தின்படி, நிறுவனத்துக்குப் பெருஞ்சுமையாகாத வரை, தரைப் பணி போன்ற மாற்று ஏற்பாட்டைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பால் எடுக்கும் இடைவேளை பற்றிய பதில் வருத்தமளிப்பது. 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட பாலூட்டும் தாய்மார் சட்டம் பல துறைப் பணியாளர்களுக்கு அந்த உரிமையை விரிவாக்கியபோது, விமானப் பணியாளர்களை மட்டும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. அதனால் உங்களுக்கு இதை ஒப்பந்தத்தின் மூலமாகவும், மேற்சொன்ன நியாயச் சட்டத்தின் கீழும், சில மாநிலச் சட்டங்களின் கீழும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. திருமணமானாலே வேலை போகும் என்ற விதியையும், முப்பதுகளின் தொடக்கத்திலேயே ஓய்வு பெற வேண்டும் என்ற விதியையும் 1960-களில் எதிர்த்து நின்று ஒழித்தவர்கள் இந்தத் தொழிலின் பெண்கள்தான். இந்த விலக்கும் நிலைக்கக் கூடாது.

கேள்வி: பெற்றோருக்கான இலவசப் பயணச் சலுகையை நம்பி உறவினர் திருமணத்துக்குத் திட்டமிடலாமா?

பதில்: வேண்டாம். அது காலி இருக்கை இருந்தால் மட்டுமே கிடைப்பது. கட்டாயம் போக வேண்டிய நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள். அந்தச் சலுகைச் சீட்டை மற்றவர்க்கு விற்பவர் வேலையை இழப்பார்.

கேள்வி: ஒரு பயணி என்மீது புகார் எழுதியிருக்கிறார். மேலாளர் நாளை 'சும்மா பேசலாம்' என்று அழைத்திருக்கிறார். தனியாகப் போகலாமா?

பதில்: தனியாகப் போகாதீர்கள். மற்றத் துறைகளில் இத்தகைய விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை பொதுத் தொழிற்சட்டத்திலிருந்து வருகிறது. உங்களுக்கு அது ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அந்தப் பிரிவைப் படித்துவிட்டு, பேச்சு ஒழுங்கு நடவடிக்கைக்கு இட்டுச் செல்லக்கூடியதா என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆம் என்றாலும் பதில் வராவிட்டாலும் பிரதிநிதி வரும் வரை தேதியைத் தள்ளிவைக்கக் கோருங்கள். அதற்குள் நடந்ததை, விமான எண், தேதி, இருக்கை எண், உடன் பணியாற்றியவர்கள் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். நினைவில் இல்லாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம்; பின்னர் மாறுபட்டால், புகாரைவிட அந்த முரண்பாடே உங்களுக்கு எதிராக நிற்கும்.

நீங்கள் தகுதிகாண் காலத்தில் இருந்தால், நீக்கத்தை எதிர்த்து முறையிடும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இல்லை என்பதால் இன்னும் கவனம் தேவை. அந்தக் காலம் முடிந்திருந்தால், எச்சரிக்கைக் கடிதம் வந்த நாளிலிருந்தே முறையீட்டுக்கான கெடு ஓடத் தொடங்குகிறது. சில ஒப்பந்தங்களில் அந்தக் கெடு மிகக் குறுகியது. கடிதம் கையில் கிடைத்த அன்றே பிரதிநிதியை அழையுங்கள்.