64 வயதில், ஓகஸ்ட் வெயிலில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், வயது 64, பிறஷருக்கும் சலரோகத்துக்கும் குளிசை எடுக்கிறீர்கள், வண்டி 150 சீசீ. நல்லூர்த் திருவிழாவுக்கு அதிலேயே போக ஆசை, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

போகலாம். ஆனால் ஒரே நாளில் போகக்கூடாது, காலை பத்தரைக்குப் பிறகு வண்டி ஓடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதம் இல்லையென்றால் வீட்டில் சொல்வதுதான் சரி, பஸ்ஸில் போங்கள்.

தூரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இளம் பெடியன்கள் ஒரே மூச்சில் போவார்கள், அவர்களுக்குத் தாகம் நேரத்துக்கு எடுக்கும். அறுபதைத் தாண்டினால் தாக உணர்வு மந்தமாகிவிடும். உடம்பில் தண்ணீர் ஒரு லீற்றர் குறைந்த பிறகும் தொண்டை வறளாமல் இருக்கலாம். வியர்வை பிந்தித்தான் வரும், குறைவாகவும் வரும். சிறுநீரகமும் தண்ணீரை முன்புபோலப் பிடித்து வைக்காது. ஆகவே இந்தப் பயணத்தில் தாகத்தைப் பார்க்காதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். 40 நிமிடம் ஓடினால் ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு 300 மில்லி தண்ணீர், வாய் வாயாக. மணித்தியாலத்துக்கு அரை லீற்றர் அளவில் வரும். ஒரு லீற்றருக்கு மேல் போகவேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, அதுவே தலைச்சுற்றையும் தடுமாற்றத்தையும் கொண்டுவரும். இதய பலவீனத்துக்கோ சிறுநீரக வருத்தத்துக்கோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை, வைத்தியரைக் கேளுங்கள்.

புரொஸ்ரேற் பிரச்சினை உள்ள பல ஆண்கள் வழியில் இறங்கவேண்டி வருமே என்று காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், ஆனால் வழியில் மயக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 40 நிமிட நிறுத்தங்களைப் பெற்றோல் செட்டிலும் சாப்பாட்டுக் கடையிலும் வைத்தால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால், அல்லது மூன்று மணித்தியாலமாகப் போகவே தோன்றாவிட்டால், நீங்கள் ஏற்கனவே பின்தங்கிவிட்டீர்கள்.

உப்பும் வேண்டும். பார்மசியில் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சீனித் தூள்) வாங்கி, பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அரைப் பைக்கற் அரைப் போத்தல் என்று கண்ணளவில் செய்யாதீர்கள். கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும். சலரோகத்துக்கு இது கூடாது என்று பயந்து விடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஒரு போத்தல் இனிப்புச் சோடாவில் இதைவிட அதிக சீனி. பிறஷர் இருப்பதால் ஓடும் நாளுக்கு ஒரு லீற்றர் போதும், மிச்சம் வெறும் தண்ணீர். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, உப்பு குறைவு. லொசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலக்ரோன் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் நாளுக்கு ஒன்றோடு நிறுத்துவது நல்லது.

குளிசைகளைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் வெயிலைவிட இதுதான் முக்கியம். ஹைட்ரோகுளோரோதயசைட், புரூசமைட் போன்றவை தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றும். அட்டெனலோல், பிசோப்ரலோல் இதயத்துடிப்பைக் கட்டி வைக்கும். வெயிலில் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கவேண்டும், இந்தக் குளிசை அதற்கு விடாது. எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் சீனியைச் சிறுநீரில் தள்ளும்போது கூடவே தண்ணீரையும் தள்ளும். தடிமனுக்கு என்று எல்லோரும் போடும் குளோர்பெனிரமின் நித்திரையையும் தரும், வியர்வையையும் குறைக்கும். ஓடும் நாளில் அதைத் தொடவேண்டாம். மற்றவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு கிளினிக்கில் "வெயிலில் இரண்டு நாள், காலையில் ஐந்து மணித்தியாலம் ஓடப்போகிறேன், எதை எந்த நேரம் எடுக்க?" என்று இப்படியே கேளுங்கள். வழியில் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் மெற்போமினையும் நீர் போக்கும் குளிசையையும் என்ன செய்வது என்றும் அப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

இன்சுலினோ கிளிக்ளசைட்டோ எடுத்தால் இன்னொரு ஆபத்து. சீனி இறங்கினாலும் வியர்க்கும், கை நடுங்கும், தலை கலங்கும். வெக்கைக் களைப்பும் இப்படித்தான் இருக்கும். வெயிலில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நிறுத்தி மீற்றரில் பாருங்கள். பார்க்க வழியில்லையென்றால் சீனி இறங்கியது என்றே எடுத்துக்கொண்டு மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் கரைத்துக் குடியுங்கள். அது வெக்கைக் களைப்பாக இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை, மறுபக்கம் பிழைத்தால் உயிருக்கே ஆபத்து. இன்சுலின் 30 பாகைக்கு மேல் கெடும், உறைந்தாலும் கெடும். கறுப்பு ரொப் பொக்ஸ் வெயிலில் சூளை மாதிரிக் கொதிக்கும், அதற்குள் மருந்தோ மீற்றரோ ரெஸ்ற் ஸ்ரிப்போ வைக்கவே கூடாது. அகன்ற வாய் பிளாஸ்கில் ஈரத்துணி சுற்றி வைத்தால் போதும், ஐஸ் நேரே படக்கூடாது.

இனி வழி. அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, ஆகவே நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அங்கிருந்து அநுராதபுரம். வெள்ளவத்தையை அதிகாலை நாலே காலுக்கு விட்டால் வத்தளை, ஜா-எல நெரிசலுக்கு முன் தாண்டலாம். எஞ்சின் காங்கையும் கீழிருந்து வரும் தார்ச் சூடும் சேர்ந்து ஆளை வேகவைப்பது ஓடும்போது அல்ல, நெரிசலில் நிற்கும்போதுதான். ஏழரை அளவில் புத்தளம். இடியப்பமும் சொதியும் சாப்பிடுங்கள், உப்பும் திரவமும் சேர்ந்து போகும். வயிறு நிறையச் சாப்பிடவேண்டாம். புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் கருவலகஸ்வெவ, நொச்சியாகம பக்கம் யானை வீதிக்கு வரும். அந்த 75 கிலோமீற்றரை நல்ல வெளிச்சத்தில்தான் ஓடவேண்டும், இன்னும் முந்திப் புறப்படலாம் என்று நினைக்காதீர்கள். பத்து மணிக்குள் அநுராதபுரம். அறை எடுத்து, குளித்து, மின்விசிறிக்குக் கீழே படுங்கள்.

மறுநாள் ஐந்தரைக்கு, கிழக்கு வெளுக்கும்போது. மதவாச்சி, வவுனியா, மாங்குளம், பிறகு முறிகண்டிப் பிள்ளையார். எல்லோரும் நிற்கும் இடம், நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, உப்புப் போட்ட கச்சானும் உண்டு. அங்கே அரை மணித்தியாலம் இருந்து போங்கள், ஏனென்றால் பரந்தன் தாண்டி ஆனையிறவு வரும்போது ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஓகஸ்டில் சோளகம் என்ற தென்மேல் காற்று இடப்பக்கத்தால் அடித்துத் தள்ளும். வேகத்தைக் குறைத்து, கைபிடியை இறுக்காமல், முழங்காலால் ராங்கை அணைத்துப் பிடியுங்கள். ரொப் பொக்ஸ் உயரமாக இருந்தால் காற்று இன்னும் பிடிக்கும், பாரத்தைக் கீழே பக்கப் பைகளில் வையுங்கள். பத்து மணி அளவில் யாழ்ப்பாணம்.

உடுப்பில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் ஓடுபவர்கள் ஜக்கெற்றின் காற்றுத் துளைகளை மூடச் சொல்கிறார்கள். தோலின் சூடு சுமார் 35 பாகை. காற்று அதைவிட நன்றாகச் சூடானால் அடிக்கும் காற்றே உடம்புக்குள் வெக்கையைத் தள்ளும், அங்கே அது சரி. நமக்கு அப்படி இல்லை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் புழுக்கம். வியர்வை காயாமல் வழிகிறது, தண்ணீர் போகிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை. அங்கே வலை ஜக்கெற்தான் வேண்டும், உள்ளே மெல்லிய முழுக்கை. புத்தளம் தாண்டி உள்ளே திரும்பினால் காற்று உலர்ந்து விடும். வியர்த்த உடனே காய்ந்துவிடுவதால் "எனக்கு வியர்க்கவில்லை" என்று தோன்றும். ஹெல்மெற் வாரைப் பாருங்கள், தாடைக்குக் கீழே வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். அவ்வளவும் உடம்பிலிருந்து போனது. இந்தப் பகுதியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொட்டன் ரிசேர்ட்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து ஜக்கெற்றுக்குள் போடுங்கள். கழுத்துக்கு ஈரத் துவாய், நுனிகளை உள்ளே செருகி. தொங்கவிட்டால் காற்றில் பறந்து கண்ணை மறைக்கும், சில்லில் மாட்டினால் அதைவிட மோசம். வெயில் என்று ஜக்கெற்றைக் கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடுவது இரட்டைப் பிழை. வெறும் கையில் வெயில் நேரே அடிக்கும், விழுந்தால் தோலும் போகும்.

வண்டியில் முதலில் ரயர். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கள். குளிராக 28 பீஎஸ்ஐ இருந்த ரயர் 50, 55 பாகைக்குச் சூடானால் 32 காட்டும். அது இயல்பு. சூட்டில் வெடித்துவிடும் என்று பயந்து வழியில் காற்றைத் திறந்துவிடுகிறார்கள். அப்போது ரயரின் பக்கச் சுவர் அதிகம் மடங்கி மடங்கி இன்னும் சூடாகும், வெடிப்பதும் அப்படித்தான். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் ஆறு வருடத்தைத் தாண்டிய ரயரில் இந்தப் பயணம் வேண்டாம்.

எஞ்சின் காற்றால் குளிர்வது என்றால் அதைச் சுற்றியுள்ள உலோகத் துடுப்புகளுக்கு இடையில் ஒட்டிய சேற்றைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். ஒயில் 1,500 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள், கையேட்டில் உள்ள தரமே போதும். கிளச் அதே ஒயிலுக்குள்தான் ஓடுகிறது என்பதால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற தரக் குறி கானில் இருக்கவேண்டும், கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கலாம். நெரிசலில் நியூட்ரல் விழ மறுத்தால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகியிருக்கலாம், பத்து நிமிடம் நிழலில் விடுங்கள், தண்ணீர் ஊற்றவேண்டாம். பெற்றோலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். நிலத்தடித் தாங்கியிலிருந்து வரும் 12 லீற்றர் வெயிலில் 20 பாகை சூடேறினால் கால் லீற்றர் அளவுக்குப் பெருகும், அது சூடான எஞ்சினுக்கு மேலேதான் வழியும். செயினுக்கு முதல் நாள் மாலை, ஓடி வந்த சூட்டோடு ஒயில் விடுங்கள்.

ஒரு பால்மா ரின் மூடியைத் தட்டையாக்கிப் பையில் போடுங்கள். வெயிலில் தார் இளகும். சைட் ஸ்ராண்ட் ஊசிபோல இறங்கி, நீங்கள் தேநீர் குடித்து முடிக்குமுன் வண்டி சாய்ந்துவிடும். 140 கிலோ வண்டியைக் களைத்த உடம்போடு தனியே தூக்குவது இடுப்புக்கும் நெஞ்சுக்கும் ஆபத்து. ஸ்ராண்டுக்குக் கீழே மூடியை வைத்தால் நிற்கும்.

எப்போது நிறுத்தவேண்டும்? தலைச்சுற்று வரும்வரை காத்திருக்காதீர்கள். சிக்னலை அணைக்க மறப்பது, கியர் இரண்டு தரம் பிழைப்பது, ஹெல்மெற் திடீரென்று இறுக்குவதுபோல் இருப்பது, பின்னால் ஹோர்ன் அடிப்பவன்மேல் காரணமில்லாத கோபம். இதில் ஒன்று வந்தாலே அடுத்த நிழலில் நிறுத்துங்கள். ஹெல்மெற், ஜக்கெற், சப்பாத்தைக் கழற்றி, காலை உயர்த்திப் படுத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, ஜீவனியைக் குடியுங்கள். அரை மணித்தியாலத்தில் தெளிவு வராவிட்டால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

பேச்சுக் குழறினால், ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் கதைத்தால், அதை வெப்பத் தாக்கு என்றே எடுக்கவேண்டும். வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும்தான். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு எடுக்கவேண்டும், இலவசம். வரும்வரை உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும், ஐஸ் கிடைத்தால் கழுத்து, கக்கம், தொடை இடுக்கில். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது. பரசிற்றமோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. இதை நீங்களே செய்துகொள்ள முடியாது, ஆகவே தனியே போகாதீர்கள், இன்னொரு வண்டி கூட வரட்டும். குளிசைகளின் பெயரும் அளவும் எழுதிய துண்டு ஒன்று உங்கள் சேர்ட் பொக்கற்றில் இருக்கட்டும், இன்னொன்று அவரிடம்.

யாழ்ப்பாணம் வந்ததும் வாசலில் துள்ளி இறங்காதீர்கள். வெக்கையில் விரிந்த இரத்தக்குழாயும் பிறஷர்க் குளிசையும் சேர்ந்து, எழும்பும் கணத்தில் பிறஷரை இறக்கும். எஞ்சினை நிறுத்தி, ஸ்ராண்டைப் போட்டு, கணுக்காலை இருபது தரம் மேலும் கீழும் ஆட்டி, ஒரு நிமிடம் இருந்து, கைபிடியைப் பிடித்தபடி இறங்குங்கள்.